கேள்வி – பதில்: யூதர்களும் அயலவர்களும் நாமும்

கடந்த சில மாதங்களாக இப்பகுதிக்கு வரும் கடிதங்களில் இஸ்ரேல், பலஸ்தீனம், யூதர்கள் பற்றிய கேள்விகளே அதிகம். காஸாவின் அழிவைத் தொலைக்காட்சியில் கண்டு மனம் கலங்கியவர்களும், இஸ்ரேலில் வேலை செய்யும் உறவினரை நினைத்து அஞ்சுபவர்களும், எல்லவுக்கு வரும் இஸ்ரேலிய உல்லாசப் பயணிகளை எப்படி நோக்குவது என்று குழம்பியவர்களும் எழுதியிருக்கிறார்கள். அவற்றுள் ஒன்றோடொன்று தொடர்புடைய சிலவற்றை இம்முறை சேர்த்து எடுத்துக்கொள்கிறேன்.

யூதர் என்பது மதத்தைக் குறிக்கிறதா, இனத்தைக் குறிக்கிறதா? கடவுளை நம்பாத ஒருவர் யூதராக இருக்க முடியுமா?
– ஆசிரியை ஒருவர், பண்டாரவளை

யூதர்களே இதற்கு ஒரே பதிலைச் சொல்வதில்லை. அவர்களுடைய சமயச் சட்டத்தின்படி யூதத் தாய்க்குப் பிறந்தவர் யூதர். அல்லது முறைப்படி அந்தச் சமயத்தைத் தழுவியவர் யூதர். பிறப்பால் யூதரான ஒருவர் கடவுளை மறுத்தாலும், சனிக்கிழமை ஓய்வுநாளைக் கைவிட்டாலும், அவர் யூதர் அல்லாதவராகிவிடுவதில்லை. இஸ்ரேல் நாட்டை நிறுவிய தலைவர்களுள் பலர் சமய ஆசாரங்களைக் கைக்கொள்ளாதவர்கள். அமெரிக்காவின் சீர்திருத்த யூதப் பிரிவு 1983 இல் தந்தை வழியையும் ஏற்றுக்கொண்டது. வைதிகப் பிரிவினர் இன்றும் ஏற்பதில்லை.

நிறத்தையோ மொழியையோ வைத்து அவர்களை ஓர் இனமென்று வரையறுக்க முயன்றால் அதுவும் நிற்காது. கிழக்கு ஐரோப்பாவின் யூதர்கள் யித்திஷ் பேசினார்கள். 1492 இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டவர்கள் லாடினோ பேசினார்கள். பாக்தாத் யூதர்களின் தாய்மொழி அரபு. கொச்சி யூதர்களின் பெண்கள் மலையாளத்தில் பாடல் இசைத்தார்கள். 1991 இல் எத்தியோப்பியாவிலிருந்து 14,000 க்கும் மேற்பட்ட யூதர்கள் ஏறத்தாழ ஒன்றரை நாளில் விமானங்களில் இஸ்ரேலுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். இவர்களை இணைப்பவை ஒரு வேதமும், ஒரு நாட்காட்டியும், பொது மூதாதையர் பற்றிய நினைவும், பல நாடுகளில் பட்ட துன்பமுமே.

இந்த அடையாளம் எவ்வளவு சிக்கலானது என்பதை ஒரு வழக்கு நன்றாகக் காட்டுகிறது. போலந்தில் யூதராகப் பிறந்த ஒஸ்வால்ட் ரூஃபைசன், நாஜிகளிடமிருந்து நூற்றுக்கணக்கான யூதர்கள் தப்புவதற்கு உதவியவர். கன்னியர் மடமொன்றில் ஒளிந்திருந்த காலத்தில் அவர் கத்தோலிக்கரானார், பின்னர் துறவியானார். உலகின் எந்த யூதரும் வந்து குடியேறலாம் என்று 1950 ஆம் ஆண்டின் சட்டம் சொல்வதால், அச்சட்டத்தின் கீழ் அவர் இஸ்ரேலியப் பிரஜாவுரிமை கேட்டார். 1962 இல் உயர்நீதிமன்றம் மறுத்தது. சமயச் சட்டம் அவரை யூதரென்றே கொள்ளக்கூடும். ஆனால் வேறொரு சமயத்தை விரும்பி ஏற்றவரைச் சாதாரண மனிதர் யாரும் யூதர் என்று அழைப்பதில்லை என்பது நீதிமன்றத்தின் நிலைப்பாடு. வழமையான குடியேற்றச் சட்டத்தின் வழியாக அவர் பின்னர் பிரஜையானார்.

1970 இல் அந்தச் சட்டம் யூதரின் பேரப்பிள்ளைகள் வரை விரிவாக்கப்பட்டது. ஒருபோதும் அந்த மண்ணில் கால்வைக்காதவருக்கு அங்கே குடியேறும் உரிமை இருக்கும்போது, 1948 இல் அங்கிருந்து வெளியேற நேர்ந்த தங்கள் பாட்டனாருக்கு ஏன் திரும்பும் உரிமை இல்லை என்று பலஸ்தீனர்கள் கேட்கிறார்கள். அது நியாயமான கேள்வி. இங்கேயும் அதே 1948 இல்தான், தகப்பன்வழி முன்னோர் இந்நாட்டில் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்ட பிரஜாவுரிமைச் சட்டத்தால் ஏறத்தாழ 7 இலட்சம் மலையகத் தமிழர் நாடற்றவர்களானார்கள். அதே ஆண்டின் போரில் வீடிழந்த பலஸ்தீனர்களின் தொகையும் ஏறத்தாழ 7 இலட்சமே. அவர்கள் போரில் துரத்தப்பட்டவர்கள். நாம் சட்டத்தால் விலக்கப்பட்டவர்கள். இரண்டையும் ஒன்றென்று சொல்ல மாட்டேன். ஆயினும் ஒருவர் யார் என்பதை மற்றவர்கள் ஒரு தாளில் தீர்மானிக்கும்போது என்ன நேர்கிறது என்பதை யூதர்களுக்கும் பலஸ்தீனர்களுக்கும் அடுத்தபடியாக நன்றாக அறிந்தவர்கள் நாம்.

எங்கள் பக்கத்திலுள்ள ரொத்சைல்ட் தோட்டத்தின் பெயர், உலக வங்கிகளை ஆளும் யூதக் குடும்பத்தின் பெயர் என்கிறார்களே?
– தொழிலாளி ஒருவர், புசல்லாவை

பெயரைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டது சரி. 1840 களில் புசல்லாவையில் காணி வாங்கிக் கோப்பி பயிரிட்ட மொரிஸ், கேப்ரியல் டி வோர்ம்ஸ் சகோதரர்கள், தாய்வழியில் ஃபிராங்ஃபேர்ட் ரொத்சைல்ட் குடும்பத்தைச் சேர்ந்த யூதர்கள். சீனத் தேயிலைச் செடியை இங்கே நட்டுப் பார்த்த முதல் சிலருள் அவர்களும் அடங்குவர். லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் வணிகப் பயிராகத் தேயிலையைத் தொடங்கிய 1867 க்கு முன்பே, 1865 இல், அவர்கள் தோட்டங்களை விற்றுவிட்டார்கள்.

உலக வங்கிகளை யூதர்கள் ஆள்கிறார்கள் என்பது வேறு கதை. ரொத்சைல்ட் குடும்பம் செல்வத்தில் கொழித்த அந்த நூற்றாண்டில் உலக யூதர்களில் பெரும் பகுதியினர் ரஷ்யப் பேரரசின் நெரிசலான சிற்றூர்களில் தையற்காரர்களாகவும் செருப்புத் தைப்பவர்களாகவும் சுமை வியாபாரிகளாகவும் வறுமையில் கிடந்தார்கள். உலகைப் பிடிக்க யூத மூப்பர்கள் சதி செய்த இரகசியக் குறிப்புகள் என்று 1903 இல் ரஷ்யாவில் அச்சான ஓர் ஆவணத்திலிருந்தே இந்தக் கதை பெரிதும் பரவியது. அது யூதர்களைப் பற்றியே எழுதப்படாத ஒரு பழைய பிரெஞ்சு நூலிலிருந்து திருடி மாற்றி எழுதப்பட்டது என்பதை இலண்டன் டைம்ஸ் பத்திரிகை 1921 இலேயே வெளிப்படுத்திவிட்டது. ஆனாலும் 1988 இல் ஹமாஸ் இயக்கத்தின் சாசனம் அந்தப் போலி ஆவணத்தை மேற்கோள் காட்டியது. இன்று அதே கதை தமிழில் வாட்ஸ்அப் வழியாக வருகிறது.

நம் முன்னோரின் வியர்வையில் இலாபம் கண்ட தோட்டத்துரைமாரில் பலர் ஸ்கொட்லாந்துக் கிறிஸ்தவர்கள். அதற்காக எந்தத் தொழிலாளியும் கிறிஸ்தவம் தன்னைச் சுரண்டியதாகச் சொன்னதில்லை. துரையையும் கம்பனியையும்தான் குற்றம் சொன்னார்கள். இரண்டு சகோதரர்கள் யூதர்களாக இருந்ததற்கும் அந்த அளவே பொருள் கொள்வோம். இன்னொன்றும் சொல்லலாம். கண்டிக் கச்சேரியில் பணியாற்றிய பிரித்தானிய அதிகாரி லெனார்ட் வூல்ஃபும் யூதரே. 1911 இல் இலங்கையை விட்டுச் சென்ற அவர், 1938 இல் பிரித்தானியத் தொழிற்கட்சிக்கு எழுதிய குறிப்பில், இந்நாட்டின் சிறுபான்மையினரைக் காக்கச் சுவிட்சர்லாந்து முறையிலான சமஷ்டியையும் ஆராய வேண்டுமென்று சொன்னார். அந்த ஆலோசனையை யாரும் செவிமடுக்கவில்லை.

பெரிய வெள்ளி வழிபாட்டுக்குப் பின்னர், "இயேசுவைக் கொன்றவர்கள் யூதர்கள்தானே, இன்று அவர்கள் படுவதும் படுத்துவதும் அந்தப் பாவத்தால்தான்" என்று ஒரு பெரியவர் சொன்னார். என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.
– கத்தோலிக்க வாசகி, ஹட்டன்

உங்கள் திருச்சபையே அதற்குப் பதில் சொல்லிவிட்டது. 1965 ஒக்டோபர் 28 இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட அறிக்கை, இயேசுவின் பாடுகளின்போது நடந்தவற்றை அன்று வாழ்ந்த எல்லா யூதர்கள் மீதும் வேறுபாடின்றிச் சுமத்த முடியாது, இன்றைய யூதர்கள் மீதும் சுமத்த முடியாது என்று தெளிவாக அறிவித்தது. அவர் சாகடிக்கப்பட்ட சிலுவை உரோமப் பேரரசின் தண்டனை. தீர்ப்பளித்த பிலாத்து உரோம ஆளுநர். இயேசுவும் அவருடைய தாயும் அப்போஸ்தலர்களும் யூதர்கள்.

அந்த அறிக்கை வருவதற்கு எத்தனை நூற்றாண்டுகள் பிடித்தன என்பதையும் நாம் நினைக்க வேண்டும். 1096 இல் முதலாம் சிலுவைப் போருக்குப் புறப்பட்ட கூட்டங்கள், எருசலேமைக் காணுமுன்பே, ரைன் நதிக்கரை நகரங்களில் வாழ்ந்த தங்கள் சொந்த அயலவரான யூதர்களைக் கொன்றன. அதன் பின்னரும் ஐரோப்பாவில் உயிர்ப்புப் பெருவிழாக் காலம் யூதர்களுக்குக் கதவடைத்து வீட்டிலிருக்கும் காலமாகவே பல தலைமுறைகளுக்கு இருந்தது. என்றோ சிலர் செய்ததாகச் சொல்லப்பட்ட செயலுக்கு, அவர்களை அறியாத ஒரு தச்சரும் அவருடைய குழந்தைகளும் உயிர் கொடுத்தார்கள்.

2019 ஏப்ரல் 21 இல் நம் நாட்டின் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் தற்கொலைக் குண்டுதாரிகள் 250 க்கும் மேற்பட்டோரைக் கொன்றபோது, கர்தினால் மல்கம் ரஞ்சித் பழிவாங்கலில் இறங்க வேண்டாமென்று தம் மக்களைக் கேட்டுக்கொண்டார். அடுத்த மாதம் வடமேல் மாகாணத்தில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன என்பது உண்மை. ஆயினும் தம் பிள்ளைகளைப் புதைத்துவிட்டு வந்த பெரும்பாலான குடும்பங்கள் அந்த வேண்டுகோளுக்கு இணங்கியே நடந்தன. அந்தப் பெரியவரிடம் இதை நினைவூட்டுங்கள். பெரியவர் என்பதற்காகச் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள்.

"யூதர்களில் சிலரை மட்டும் உயிரோடு விட்டேன், நான் ஏன் மற்றவர்களைக் கொன்றேன் என்பது உலகுக்குப் புரியட்டும்" என்று ஹிட்லர் சொன்னதாக ஒரு படம் சுற்றி வருகிறது. அவர் அப்படிச் சொன்னாரா?
– கல்லூரி மாணவர், மாத்தளை

இல்லை. அவருடைய பேச்சுகளிலோ எழுத்திலோ அதற்கு ஆதாரம் கிடையாது. அந்த ஆட்சி எவரையும் "விட்டுவைக்க" நினைத்ததுமில்லை. 60 இலட்சம் யூதர்கள் கொல்லப்பட்ட பின்னும் மிஞ்சியவர்கள், ஜேர்மனி தோற்றதால் மிஞ்சியவர்கள். கொல்லப்பட்டவர்களுள் ஏறத்தாழ 15 இலட்சம் பேர் சிறுவர்கள். அது தொடங்கியதும் வதை முகாமில் அல்ல. 1935 இல் நியூரம்பேர்க் சட்டங்கள் யூதர்களின் பிரஜாவுரிமையைப் பறித்தபோதே தொடங்கிவிட்டது. இதைப் படிக்கும் மலையக இளைஞர் ஒருவருக்கு அதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

அந்தப் படத்தை அனுப்பியவர் காஸாவின் குழந்தைகள் மீதுள்ள இரக்கத்தாலேயே அனுப்பியிருக்கக்கூடும். அந்த இரக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் காஸாவில் இறந்த ஒரு குழந்தைக்காக வார்சோவில் இறந்த ஒரு குழந்தையின் கொலையை நியாயப்படுத்துவது எந்தக் குழந்தைக்கும் செய்யும் நீதியாகாது. தயவுசெய்து அதை மேலும் பகிராதீர்கள்.

தீவிரவாதம் என்றதும் உலகம் முஸ்லிம்களையே காட்டுகிறது. யூதத் தீவிரவாதத்தைப் பற்றி நம் பத்திரிகைகள் ஏன் எழுதுவதில்லை? சமயம்தான் இதற்கெல்லாம் வேரா?
– வியாபாரி ஒருவர், அக்குறணை

உங்கள் மனக்குறை நியாயமானது. ஆகவே விரிவாகவே சொல்கிறேன்.

ஹெப்ரோன் நகரில் ஆபிரகாம் அடக்கம் செய்யப்பட்டதாக நம்பப்படும் குகை இருக்கிறது. முஸ்லிம்களுக்கு அது இப்ராஹீமி பள்ளிவாசல். யூதர்களுக்கு மூதாதையரின் கல்லறை. ஆபிரகாம் இறந்தபோது ஈசாக்கு, இஸ்மவேல் என்ற இரு மைந்தர்களும் சேர்ந்து அவரை அங்கே அடக்கம் செய்தார்கள் என்று யூத வேதமான தோராவின் முதல் நூல் சொல்கிறது. யூதர் தங்களை ஈசாக்கின் வழியினர் என்றும், அரபு முஸ்லிம்கள் தங்களை இஸ்மவேலின் வழியினர் என்றும் கருதுபவர்கள். அந்த இடத்தில், 1994 பெப்ரவரி 25 ஆம் திகதி, ரமழான் மாதத்து வெள்ளிக்கிழமை அதிகாலையில், பாரூக் கோல்ட்ஸ்டைன் என்ற யூத மருத்துவர் தொழுகையிலிருந்தவர்களைப் பின்னாலிருந்து சுட்டு 29 பேரைக் கொன்றார். அன்று யூதர்களின் பூரிம் திருநாள். பண்டைக் காலத்தில் இஸ்ரவேலரைத் தாக்கிய அமலேக்கியரை நினைவுகூர்ந்து அவர்களுடைய பெயரையே அழிக்கச் சொல்லும் தோராப் பகுதி பூரிமுக்கு முந்திய ஓய்வுநாளில் தொழுகைக்கூடங்களில் வாசிக்கப்படும். அந்த அமலேக்கியர் எந்தக் காலத்திலோ மறைந்துவிட்டனர் என்பதே யூத சமயக் குருக்களான ரபிமார் பலரின் முடிவு. தீவிரவாதியோ தன் அண்டை வீட்டாரின் முகத்தில் அவர்களைக் கண்டான்.

பிரதமர் இட்ஸாக் ராபின் அதை எப்படி எதிர்கொண்டார் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம். நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று, அந்தக் கொலையாளியும் அவரைப் போன்றவர்களும் யூத சமயத்துக்கு அந்நியர்கள், அறிவுள்ள யூதம் அவர்களைத் துப்பிவிடுகிறது என்னும் பொருளில் பேசினார். கோல்ட்ஸ்டைன் சார்ந்திருந்த காக் என்ற யூதத் தீவிரவாத இயக்கம் தடைசெய்யப்பட்டது. அவருடைய கல்லறையைச் சுற்றி எழுந்த வழிபாட்டிடத்தை 1999 இல் இஸ்ரேலிய இராணுவமே இடித்தது. ஆனால் கோல்ட்ஸ்டைனின் படத்தைத் தம் வீட்டுக் கூடத்தில் மாட்டி வைத்திருந்தவரும், இனவாதத்தைத் தூண்டியதற்காக நீதிமன்றத்தில் குற்றவாளியாகக் காணப்பட்டவருமான இதாமர் பென்-குவிர், 2022 டிசம்பரில் அந்த நாட்டின் தேசியப் பாதுகாப்பு அமைச்சரானார். மேற்குக் கரையில் குடியேறிகள் பலஸ்தீனரின் ஒலிவ மரங்களை வெட்டுவதும் வீடுகளுக்குத் தீ வைப்பதும் ஆண்டுக்காண்டு நிகழ்கின்றன. இதை எழுதத் தயங்கும் பத்திரிகை தன் கடமையிலிருந்து தவறுகிறது.

ராபினுக்கு என்ன நேர்ந்தது என்பது இந்தக் கேள்வியின் நடுப்பகுதி. 1993 இல் பலஸ்தீனத் தலைவர் அரஃபாத்துடன் ஒஸ்லோ சமாதான உடன்படிக்கை செய்தார். அதை உடைக்க ஹமாஸ் பேருந்துகளில் தற்கொலைக் குண்டுகளை வெடிக்க வைத்தது. 1995 நவம்பர் 4 ஆம் திகதி இரவு, டெல் அவிவில் சமாதானக் கூட்டம் முடிந்து திரும்பிய ராபினை யிகால் அமிர் என்ற யூத சட்ட மாணவர் சுட்டுக் கொன்றார். கொலை செய்யத் துரத்தி வருபவனைத் தடுக்க அவனைக் கொல்லலாம் என்னும் சமய விதியைத் தமக்கு ஆதாரமாகக் காட்டினார். யூதர்களைக் கொன்ற ஹமாஸும் யூதராகிய அமிரும் ஒருவரையொருவர் வெறுத்தவர்கள்; ஆனால் இருவரும் ஒரே உடன்படிக்கையைக் கொன்றார்கள். எகிப்தின் அன்வர் சதாத் 1979 இல் இஸ்ரேலுடன் சமாதானம் செய்தார். 1981 ஒக்டோபர் 6 இல் அவரைச் சுட்டவர்கள் அவருடைய சமயத்தைச் சேர்ந்த தீவிரவாதிகள். காந்தியைச் சுட்டவர் இந்து.

தீவிரவாதிக்கு எதிரி இனத்தின் தீவிரவாதியால் ஆபத்து இல்லை. அவனுடைய வன்செயல் இவனுடைய வன்செயலுக்குக் காரணம் தருகிறது. தன் இனத்துக்குள்ளிருந்து மறுதரப்போடு பேசுபவரே அவனுக்கு ஆபத்து. இதைச் சொல்லும்போது தமிழர்கள் நம் வீட்டையும் பார்க்க வேண்டும். அரசியல் தீர்வுக்கான வரைவுகளில் உழைத்த நீலன் திருச்செல்வம் 1999 ஜூலை 29 ஆம் திகதி கொழும்பில் கொல்லப்பட்டார். குண்டை ஏந்தி வந்தவர் தமிழர், அனுப்பியவர்கள் விடுதலைப் புலிகள். அங்கே கடவுளின் பெயர் எங்கும் இல்லை. ஆகவே சமயம்தான் வேர் என்று என்னால் சொல்ல முடியாது. அந்நியனை ஒடுக்காதே, எகிப்தில் நீங்களும் அந்நியராயிருந்தீர்களே என்று கட்டளையிடும் வசனம் அமலேக்கியரைப் பற்றிய வசனம் உள்ள அதே தோராவில்தான் இருக்கிறது. அந்த வசனத்தைப் பிடித்துக்கொண்ட ரபிமார் சிலர் 1988 இல் மனித உரிமைக்கான அமைப்பொன்றைத் தொடங்கினார்கள். குடியேறிகளின் தாக்குதலுக்கு அஞ்சும் பலஸ்தீன விவசாயிகளோடு அவர்கள் அறுவடைக் காலத்தில் ஒலிவத் தோப்புகளுக்குச் செல்கிறார்கள். சமய நூல் எல்லோருக்கும் ஒன்றுதான். எந்தப் பக்கத்தைத் திறப்பது என்பதற்குத் திறப்பவரே பொறுப்பு.

எல்லவில் ஒரு விடுதியில் வேலை செய்கிறேன். இஸ்ரேலியர்களுக்கு அறை கொடுக்கக் கூடாதென்று நண்பர்கள் சொல்கிறார்கள்.
– வாசகர், எல்ல

இஸ்ரேல் அரசின் செயலை எதிர்க்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. காஸா சுகாதார அமைச்சின் கணக்கின்படி 60,000 க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்ட போரை எதிர்த்துக் குரல் கொடுப்பது மனிதக் கடமை என்றே கருதுகிறேன். ஆனால் கடவுச்சீட்டைப் பார்த்து ஒருவரை இரவில் வெளியே நிறுத்துவது அரசை எதிர்ப்பதாகாது. வந்தவர் அந்த அரசுக்கு எதிராக வீதியில் இறங்கியவராகவும் இருக்கக்கூடும். 2024 ஒக்டோபரில் அறுகம்பேயில் இஸ்ரேலியர் மீது தாக்குதல் நடக்கலாமென்று எச்சரிக்கை வந்தபோது அந்தக் கரையின் தமிழ், முஸ்லிம், சிங்களத் தொழிலாளர் அனைவரின் பிழைப்பும் அடிபட்டது. விருந்தினர் சட்டத்தையோ ஊர் ஒழுங்கையோ மீறினால் எந்த நாட்டவர் என்றாலும் பொலிஸில் முறையிடுங்கள்.

தங்கை இஸ்ரேலில் முதியோர் பராமரிப்பு வேலை செய்கிறாள். "கொலைகாரர் வீட்டில் சம்பாதிக்கிறாள்" என்று அயலில் சொல்கிறார்கள். மனது வலிக்கிறது.
– சகோதரி ஒருவர், தலவாக்கலை

உங்கள் தங்கை நடக்க முடியாத ஒரு முதியவரைக் குளிப்பாட்டி, உணவூட்டி, மருந்து கொடுத்து உழைக்கிறார். அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. 2023 ஒக்டோபர் 7 இல் ஹமாஸ் நடத்திய தாக்குதலில் அங்கே கொல்லப்பட்ட ஏறத்தாழ 1,200 பேரில் இலங்கைத் தொழிலாளரும் இருந்தார்கள். அப்படிச் சொல்பவர்களிடம், தங்கையின் பாதுகாப்புக்காக ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளச் சொல்லுங்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் அவருடைய பதிவும் காப்புறுதியும் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளவும் சொல்லுங்கள்.

இவ்வளவு இரத்தம் சிந்திய பிறகு யூதர்களும் பலஸ்தீனரும் அயலவராக வாழ முடியுமா? நம் நாட்டில் நடந்தவற்றைப் பார்த்தால் நம்பிக்கை வரவில்லை.
– ஓய்வுபெற்ற அதிபர், பதுளை

ஐயா, யூதர்களும் முஸ்லிம்களும் ஏற்கெனவே அயலவராக வாழ்ந்திருக்கிறார்கள். ஸ்பெயின் துரத்திய யூதர்களை 1492 க்குப் பின் உஸ்மானிய சுல்தான் தம் நாட்டில் ஏற்றுக்கொண்டார். யூத சமயத்தின் மிகப் பெரிய சட்ட அறிஞர்களுள் ஒருவரான மைமோனிடிஸ், கெய்ரோவில் சலாஹுத்தீன் அரசவையின் மருத்துவர். தம் தத்துவ நூலை எழுதியது அரபு மொழியில். அது சமத்துவமான வாழ்வு என்று சொல்ல முடியாது. யூதர் அங்கே தனி வரி கொடுத்து இரண்டாம் நிலையில் இருந்தவர்கள். மைமோனிடிஸின் குடும்பமே கடும்போக்கான ஓர் இஸ்லாமிய ஆட்சிக்கு அஞ்சிக் கொர்டோபாவை விட்டு ஓடியது. ஆயினும் பகை ஆதிகாலத்திலிருந்தே வருவது என்பது பொய். இன்றைய பகைக்கு நிலமும் அகதி வாழ்வும் ஆக்கிரமிப்பும் காரணம்.

ஹெப்ரோனைப் பற்றி மேலே எழுதினேன். அதே நகரில் 1929 ஓகஸ்ட்டில், யூதர்கள் எருசலேமின் புனித இடத்தைக் கைப்பற்றுகிறார்கள் என்ற வதந்தி கிளம்பி, அரபுக் கும்பல்கள் 67 யூதர்களைக் கொன்றன. நானூறுக்கும் மேற்பட்ட யூதர்கள் உயிர் தப்பினார்கள்; அவர்களில் பலரைத் தங்கள் வீடுகளுக்குள் மறைத்து, வாசலில் நின்று கும்பலைத் திருப்பி அனுப்பியவர்கள் அந்நகரின் அரபு முஸ்லிம் குடும்பத்தினர். கொன்றவர்களும் காத்தவர்களும் ஒரே மொழியும் ஒரே மார்க்கமும் உடையவர்கள், ஒரே வதந்தியைக் கேட்டவர்கள்.

1983 ஜூலையைக் கண்டவர் நீங்கள். வடக்கில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டதற்கு, அதோடு எந்தத் தொடர்புமில்லாத பதுளைக் கடைக்காரரும் எரிக்கப்பட்டார். அதே நாட்களில் தமிழ்க் குடும்பங்களைத் தங்கள் அறைகளில் வைத்துக் காத்த சிங்களவர்களும் இருந்தார்கள். 2018 மார்ச்சில் தெல்தெனியவில் சில முஸ்லிம் இளைஞர்கள் தாக்கியதால் சிங்கள லொறிச் சாரதி ஒருவர் இறந்தபோது, தண்டனை அந்த இளைஞர்களோடு நிற்கவில்லை. திகன தொடங்கிக் கண்டி மாவட்டமெங்கும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. அந்த நெருப்பை மூட்ட முகநூல் பயன்பட்டதற்காக அந்நிறுவனம் 2020 இல் மன்னிப்புக் கேட்டது. உயிர்த்தெழ முடியாதவர்களுக்கு அது எட்டாது.

இன்று அங்கே சேர்ந்து வாழ்பவர்கள் சிலரே, ஆனால் இருக்கிறார்கள். எருசலேமுக்கும் டெல் அவிவுக்கும் இடையே, லத்ரூன் மடத்தின் காணியில், எகிப்தில் யூதராகப் பிறந்து கத்தோலிக்கத் துறவியான புரூனோ ஹுசார் 1970 களில் தொடங்கிய ஊர் ஒன்று உண்டு. யூதர்கள் அதை நெவே ஷாலோம் என்றும் அரபியர் வாஹத் அஸ்-சலாம் என்றும் அழைக்கிறார்கள். இஸ்ரேலியப் பிரஜைகளான யூதக் குடும்பங்களும் பலஸ்தீனக் குடும்பங்களும் அங்கே வேண்டுமென்றே சமமான எண்ணிக்கையில் குடியிருக்கின்றன. பிள்ளைகள் ஹீப்ருவிலும் அரபியிலும் படிக்கிறார்கள். 2012 இல் யூதத் தீவிரவாதிகள் இரவில் வந்து கார்களின் சக்கரங்களைக் கிழித்து வெறுப்பு வாசகங்களை எழுதிவிட்டுப் போனார்கள். ஊர் கலையவில்லை.

ஹமாஸால் மகனைப் பறிகொடுத்த ஒரு யூதத் தந்தை 1995 இல் தொடங்கிய அமைப்பில், பிள்ளைகளையும் உடன்பிறந்தோரையும் இழந்த நூற்றுக்கணக்கான இஸ்ரேலிய, பலஸ்தீனக் குடும்பங்கள் இணைந்திருக்கின்றன. காஸாவின் மருத்துவர் இஸ்ஸுத்தீன் அபூலைஷ், இஸ்ரேலிய மருத்துவமனையில் பணியாற்றியவர். 2009 ஜனவரியில் இஸ்ரேலியத் தாங்கியின் குண்டு அவருடைய மூன்று மகள்களைக் கொன்ற பிறகும் வெறுக்க மறுத்தார். காஸாவின் நோயாளிகளை இஸ்ரேலிய மருத்துவமனைகளுக்குக் காரில் ஏற்றிச் சென்ற விவியன் சில்வர், 2023 ஒக்டோபர் 7 இல் பெயேரி கிராமத்தில் ஹமாஸால் கொல்லப்பட்டார். இவர்களை மேற்கோள் காட்டி ஆக்கிரமிப்பு நீடிக்கட்டும் என்று சொன்னால் அது இவர்களுக்குச் செய்யும் துரோகம். பலஸ்தீனருக்கு நாடும் சம உரிமையும் கிடைக்காமல் அங்கே அயலுறவு நிலைக்காது என்று இவர்களே சொல்லி வருபவர்கள்.

சிவனொளிபாதமலைக்கு நான்கு சமயத்தவரும் ஒரே படியில் ஏறுகிறோம். ஆபிரகாமின் கல்லறையை 1994 கொலைகளுக்குப் பின் சுவரும் கதவும் வைத்து இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். நமக்கு இன்னும் பிரிக்கப்படாமல் இருப்பது எது என்று எண்ணிப் பார்த்தால், நம்பிக்கைக்கு இங்கே கொஞ்சம் இடம் இருப்பதாகவே நினைக்கிறேன்.

எங்கள் வகுப்பில் தமிழ், முஸ்லிம் மாணவர்கள் பலஸ்தீனம் பற்றிச் சண்டையிட்டார்கள். இனி அதைப் பேசவே வேண்டாமென்று சொல்லியிருக்கிறார்கள். நான் என்ன செய்யலாம்?
– வரலாற்று ஆசிரியர், நுவரெலியா

பேசாமல் விட்டால் கைபேசி பேசும். அதிபரிடம் அனுமதி கேட்டுப் பேசுங்கள். இறந்தவர்களின் காணொளிகளைக் காட்ட வேண்டாம். ஹெப்ரோனின் 1929 ஐயும் 1994 ஐயும் ஒரே பாடத்தில் அடுத்தடுத்து வையுங்கள். ஒன்றில் கொன்றவர்கள் அரபியர், மற்றதில் கொன்றவர் யூதர். ஒவ்வொன்றிலும் யார் செய்தது, யார் தடுத்தது, யார் மீது பழி விழுந்தது என்ற மூன்றை மட்டும் மாணவர்களை எழுதச் சொல்லுங்கள். இரு சாரார் கலந்த குழுக்களாக அமர்த்துவது நல்லது. நேரமிருந்தால் திகனவுக்கும் அதே மூன்றையும் எழுதட்டும். நாற்பது நிமிடப் பாடவேளை இரண்டு போதும். மாணவர்கள் கேட்கும் கேள்விகளில் உங்களுக்கு விடை கிடைக்காதவற்றை அனுப்புங்கள். அடுத்த இதழ்களில் எடுத்துக்கொள்கிறேன்.